நீலிக் கண்ணீர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்குப் பேய் வந்தது. நேயர்கள் அஞ்ச வேண்டாம். அது தொலைக்காட்சிப் பெட்டியின் வழியாக வந்த பேய். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சோப்புக்கும் பற்பசைக்கும் இடம் விட்டு ஒதுங்கி நின்று, அவை போன பிறகு மறுபடியும் மரியாதையாக வந்து பயமுறுத்திய பேய். 2005-ஆம் வருஷம் வெளிவந்து, சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கும் மேல் ஓடிய "சந்திரமுகி" படத்தைத்தான் சொல்கிறேன். அதை எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறேன் என்று கணக்குச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது.

என் பேத்திக்கு வயது பதினொன்று. தலையணையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியும் பாதி திறந்தும், அவளும் கடைசி வரையில் பார்த்தாள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கேட்டாள்:

"தாத்தா! பேய்களிலே ஆம்பிளையே கிடையாதா?"

"ஏன் கிடையாது? பிரம்மராக்ஷஸன் இருக்கிறான், முனி இருக்கிறான், விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக்கொண்ட வேதாளம் இருக்கிறது..." என்று அடுக்கினேன்.

"நான் கதைப் பேயைக் கேட்கவில்லை. ஸினிமாப் பேயைக் கேட்கிறேன்" என்றாள்.

இதற்கு நான் பதில் சொல்வதற்குள், அவளுடைய பாட்டி உள்ளேயிருந்து, "ஆம்பிளைக்கு என்ன குறை, செத்த பிறகும் அலைவதற்கு?" என்று சொல்லிவிட்டு, பால் காய்ச்சப் போய்விட்டாள். அவர்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

* * *

யோசித்துப் பார்த்தால் குழந்தை கேட்டது நியாயமான கேள்விதான். ஆண் பேய் வந்த படங்கள் அடியோடு இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நம் தேசத்து ஸினிமாவில் பேய்க்கென்று ஓர் உடுப்பு ஏற்பட்டிருக்கிறது, அது புடவை. நிறம் வெள்ளை, தலைமயிர் அவிழ்ந்திருக்க வேண்டும், மல்லிகை மணக்க வேண்டும், கொலுசு சப்திக்க வேண்டும். 1949-இல் வெளியான "மஹல்" என்னும் ஹிந்திப் படத்தில் பாழடைந்த மாளிகையில் ஊஞ்சலாடி, பாடி, மறைந்தாள் ஒரு பெண். கடைசியில் அவள் பேயல்ல, தோட்டக்காரரின் மகள் என்று தெரிய வந்தது. 1964-இல் "வோ கௌன் தீ" என்ற ஹிந்திப் படத்திலும், 1966-இல் அதைத் தழுவித் தமிழில் வந்த "யார் நீ" படத்திலும் அந்த வெள்ளைப் புடவை மறுபடியும் உலாவிற்று. வேஷங்களின் பங்கீடு அப்போதே முடிந்துவிட்டது. பயமுறுத்துவது பெண், பயந்து கூவுவதும் பெண், மர்மத்தைத் துலக்குவது ஆண். மிஞ்சிய ஹாஸ்ய நடிகருக்கு மூர்ச்சை போட்டு விழும் உத்தியோகம்.

மேல் நாட்டாரும் இதில் நமக்கு இளைத்தவர்கள் அல்ல. 1933-இல் "கிங் காங்" படத்தில் ஃபே ரே என்னும் நடிகை ராக்ஷஸக் குரங்கின் கையில் அகப்பட்டு வீறிட்டாள். அவள் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வேஷங்களில் நடித்தாள். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கூச்சலைத்தான். பிறகு 1970-களில் கத்தி பிடித்த கொலைகாரர்களின் படங்கள் வந்தன. அவற்றில் வாலிபர் கூட்டம் ஒவ்வொருவராக மாண்டுபோக, ஒரே ஒரு பெண் மட்டும் தப்பிப் பிழைத்து, கொலைகாரனை எதிர்த்து நிற்பாள். 1978-இல் வந்த "ஹாலோவீன்" இதற்குப் பிரசித்தமான உதாரணம். கரோல் க்ளோவர் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 1992-இல் எழுதிய புஸ்தகத்தில், கடைசியில் மிஞ்சும் இந்தப் பெண்ணை ஆராய்ந்திருக்கிறார். பெரும்பாலும் அவள் குடிப்பதில்லை, காதலர்களோடு சுற்றுவதில்லை, படிப்பில் கவனமுள்ளவள். மற்றப் பெண்கள் உல்லாசமாக இருந்தார்கள், மாண்டார்கள். ஆக, கொலைகாரன் கையிலே கத்தியோடு ஒரு நன்னடத்தைப் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு திரிகிறான் என்று தோன்றுகிறது!

ஊரார் வீட்டு நியாயம் இருக்கட்டும். நம் வீட்டுக்கு வருவோம்.

* * *

"சந்திரமுகி"யின் தாய்வீடு மலையாள தேசம். மது முட்டம் எழுதி, பாஸில் டைரக்ட் செய்து, 1993-இல் வெளிவந்த "மணிச்சித்திரத்தாழ்" என்பது மூலப் படம். கல்யாணமாகிக் கணவனுடைய பழைய தரவாட்டு வீட்டுக்கு வருகிறாள் கங்கா. வீட்டில் பூட்டிய அறை ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் அந்த வீட்டுக் காரணவர் ஒரு நாட்டியக்காரியை அழைத்து வந்து அங்கே வைத்திருந்தார். அவள் மனம் வேறொருவனிடம் இருந்தது. காரணவர் அவளைக் கொன்றுவிட்டார். கங்கா அந்த அறையைத் திறக்கிறாள். அந்த நாட்டியக்காரியாகவே மாறிவிடுகிறாள். கணவனின் நண்பரான மனோதத்துவ வைத்தியர் வந்து, இது பேயல்ல, நோய் என்று கண்டறிந்து குணப்படுத்துகிறார். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த நடிப்புக்கு எந்த விருதும் தகும்.

இந்தக் கதை 2004-இல் கன்னடத்தில் "ஆப்தமித்ரா", மறு வருஷம் தமிழில் "சந்திரமுகி", 2007-இல் ஹிந்தியில் "பூல் புலையா" என்று வேஷம் மாற்றிக்கொண்டு தேசம் முழுவதும் சுற்றிவிட்டது. இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மலையாளப் படத்தில் கொலையுண்ட நாட்டியக்காரி யார் தெரியுமா? நம்முடைய தஞ்சாவூர்ப் பெண், நாகவல்லி. பேய் தமிழில்தான் பேசுகிறது. கன்னடப் படத்திலும் தமிழ்ப் படத்திலும் அவள் தெலுங்குக்காரி, பாட்டும் தெலுங்கில்தான். ஹிந்திப் படத்தில் அவள் வங்காளத்துப் பெண், மஞ்சுளிகா. பாடுவது வங்காளி பாஷையில். பேயை உள்ளூரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எப்போதும் அது பக்கத்துத் தேசத்திலிருந்துதான் இறக்குமதியாகிறது!

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். ஆனால் சிறிது நின்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். பகலெல்லாம் கங்கா நம் பாஷை பேசுகிறாள்; அடக்கமாயிருக்கிறாள்; காப்பி கொடுக்கிறாள்; கணவன் வேலை வேலை என்று வெளியே போனாலும் முகம் சுளிப்பதில்லை. இரவில் அவளுக்குக் கோபம் வருகிறது. உடனே பாஷை மாறிவிடுகிறது. குலஸ்திரீயின் வாயிலிருந்து கோபம் வந்தால் அது அவளுடைய கோபமாக இருக்கக் கூடாது. அயலூர் நாட்டியக்காரியின் கோபமாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் செத்துப்போன நாட்டியக்காரியின் கோபமாக இருந்தால் இன்னும் உசிதம்.

சந்தேகம் முதலில் யார்மேல் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மலையாளப் படத்தில் வீட்டில் நடக்கும் விபரீதங்களுக்கெல்லாம் காரணமென்று ஸ்ரீதேவி என்ற பெண்ணை அறையில் பூட்டி வைக்கிறார்கள். அவள் செய்த குற்றம்? ஜாதகத்தில் செவ்வாய் தோஷம்; வாழ்க்கை கூடிவராமல் பிறந்த வீட்டில் இருக்கிறாள். அவ்வளவுதான். கதையை எழுதியவர் இதை ஆமோதிக்கவில்லை. அவள் நிரபராதி என்று கடைசியில் காட்டி, வைத்தியரே அவளை மணக்க விரும்புவதாகவும் முடித்திருக்கிறார். ஆனால் பார்க்கிற நாமும் ஒரு மணி நேரம் அவளைச் சந்தேகித்தோம் அல்லவா? அது எவ்வளவு சுலபமாக இருந்தது!

* * *

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். பேய் என்று உடுக்கடித்து வேப்பிலை வீசுகிற தேசத்தில், "இது நோய், இவள் பாவம், இவளை அடிக்காதீர்கள்" என்று ஒரு படம் சொன்னது சிறிய காரியமல்ல. கங்கா குழந்தைப் பருவத்தில் பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த ஏக்கத்தை மலையாளப் படம் பரிவோடு எடுத்துச் சொல்கிறது. அந்தக் காரணவரும் அங்கே பெரும்பாலும் நாம் கேள்விப்படும் ஒரு பெயராகவே இருந்துவிடுகிறார்.

தமிழுக்கு வந்தபோது காரணவர் வேட்டையன் என்னும் ராஜாவானார். அவர் சந்திரமுகியின் காதலன் தலையைச் சீவுகிறார். அவளை உயிரோடு கொளுத்துகிறார். இந்த ராஜா வேஷத்தையும் வைத்தியர் வேஷத்தையும் போட்டவர் ஒரே நடிகர், ரஜினிகாந்த். ராஜா திரையில் வந்து "லக லக லக" என்று சப்தமிட்டதும் கொட்டகை அதிர்ந்தது. விசில் பறந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் தெருவில் அதையே சொல்லித் திரிந்தார்கள். நானும், மீசை நரைத்த பிறகு, என் பேத்தியைச் சிரிக்க வைக்க அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

எந்த ராஜாவின் குரல் அது? ஒரு பெண்ணை உயிரோடு எரித்தவனுடைய குரல். அது நமக்கு விளையாட்டாகிவிட்டது. எரிக்கப்பட்டவளுடைய குரல் பயங்கரமாகிவிட்டது. கொன்றவன் வேடிக்கை, கொல்லப்பட்டவள் பேய். படத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் கைதட்டிய கைகளை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முடிவும் யோசிக்கத் தக்கது. சந்திரமுகிக்கு வேண்டியது பழி. வைத்தியர் தாமே வேட்டையனாக வேஷமிட்டு முன்னால் வருகிறார். அவள் கையில் தீப்பந்தத்தைக் கொடுக்கிறார்கள். புகையைக் கிளப்பி, ஆளை மாற்றி, பொம்மையைப் படுக்க வைக்கிறார்கள். அவள் பொம்மையைக் கொளுத்தித் திருப்தியடைந்து போய்விடுகிறாள். கங்கா கண் விழிக்கிறாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. எல்லாரும் சௌக்கியம். செத்தவளுக்குக் கிடைத்தது பொம்மை நியாயம். இருப்பவளுக்குக் கிடைத்தது மறதி.

* * *

பழைய காலத்துத் தமிழ்நாட்டிலும் இப்படி ஒருத்தி இருந்தாள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதை நேயர்கள் கேட்டதுதான். கணவன் கையால் மாண்ட மனைவி, மறு பிறப்பில் அவனைத் தேடி வருகிறாள். இடுப்பில் குழந்தை, கண்ணில் நீர். "என் புருஷனை என்னோடு அனுப்பி வையுங்கள்" என்று பழையனூர்ச் சபையில் முறையிடுகிறாள். அவனோ, "இவள் பெண்ணல்ல, பேய்" என்று கதறுகிறான். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குத் தங்கள் உயிரையே பிணை வைத்து அவளோடு அனுப்புகிறார்கள். அவள் அவனைக் கொன்று பழி தீர்த்துக்கொள்கிறாள். வேளாளர்கள் சொன்ன சொல் தவறாமல் தீப் பாய்கிறார்கள்.

எழுபது பேரின் வாய்மையைத் தலைமுறை தலைமுறையாகப் புகழ்ந்து வருகிறோம், புகழ வேண்டியதுதான். ஆனால் கதை எங்கே தொடங்கிற்று? முதலில் ஒரு கணவன் மனைவியைக் கொன்றான். அந்த விஷயம் மெள்ள மெள்ள மறந்துபோய், நம் பாஷையில் மிஞ்சியது என்ன தெரியுமா? "நீலிக் கண்ணீர்." பொய் அழுகைக்குத் தமிழர் வைத்த பெயர் அது. கொலையுண்டவளின் கண்ணீரைக் கபடத்துக்கு அடையாளமாக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் அழுகிற பெண்ணைப் பார்த்து அதையே சொல்லி வருகிறோம்.

நான் சொந்தக் கண்ணால் பார்த்த ஒரு பேயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். என் அத்தை ஒருத்தி, வாய் திறந்து பேசியறியாதவள். இரண்டு குழந்தைகள் பிறந்து பிறந்து போய்விட்டன. அழுதால் வீட்டுக்கு ஆகாதென்று அழவும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை விளக்கு வைத்த நேரத்தில் அத்தைக்குப் "பேய் பிடித்தது." கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, செத்துப்போன தன் மாமியாரின் குரலில் பேச ஆரம்பித்தாள். "என் மருமகளுடைய வளையல் நாலு வருஷமாக அடகுக் கடையில் கிடக்கிறதே, யாராவது கேட்டீர்களா? அவளுக்கு வயிறு நிறையச் சோறு போட்டீர்களா?" என்று அதட்டினாள். என் மாமா நடுங்கிப்போய்க் கைகட்டி நின்றார். மறு வாரமே வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது.

பிறகு மந்திரவாதி ஒருவர் வந்து வேப்பிலையால் அடித்துப் பேயை ஓட்டினார். பேய் போய்விட்டது. அத்தை பழையபடி ஊமையானாள். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவளை யாரும் எதையும் கேட்டதாகவும் நினைவில்லை. அந்த வீட்டில் பெண் பேசினால் கேட்கமாட்டார்கள். பேய் பேசினால் கேட்பார்கள். இதை அத்தை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டுவிட்டாள். எனக்குத் தெரிவதற்கு அறுபது வருஷமும் ஒரு பேத்தியும் வேண்டியிருந்தன.

* * *

படம் பிடிப்பவர்களில் இதை உணர்ந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. 2011-இல் ராகவா லாரன்ஸ் எடுத்த "காஞ்சனா"வில் பேயாக வருவது கொலையுண்ட ஒரு திருநங்கை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள். தன்னைப்போன்ற இன்னொரு பெண்ணைப் படிக்க வைத்து வைத்தியராக்கியவள். அவள் திரையில் தன் கதையைச் சொல்லும்போது, திருநங்கையரைக் கண்டால் கேலி செய்யும் வழக்கமுள்ள கொட்டகை வாய் மூடிக் கேட்டது. சரத்குமார் அந்த வேஷத்தைச் சிறப்பாகச் செய்தார். ஆனாலும் படத்தின் முன்பாதியில் சிரிப்பெல்லாம், வயது வந்த ஆண்பிள்ளை இருட்டுக்குப் பயந்து தாயாரின் இடுப்பில் ஏறிக்கொள்கிறானே என்பதுதான். பெண் பயந்தால் இயற்கை, ஆண் பயந்தால் ஹாஸ்யம்! இருட்டு என்னவோ இருவருக்கும் ஒரே இருட்டுத்தான்.

2018-இல் அமர் கௌஷிக் எடுத்த "ஸ்திரீ" என்னும் ஹிந்திப் படம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. சந்தேரி என்ற ஊரில் திருவிழா நாட்களில் ஒரு பெண் பேய் ஆண்களை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறது. ஆகவே ஆண்கள் இருட்டிய பிறகு தனியே வெளியில் போவதில்லை. சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள். வெளியே போகும் மனைவியரிடம் "என்னைத் தனியே விட்டுப் போகாதே" என்று கெஞ்சுகிறார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு, இதே ஜாக்கிரதைகளை நம் பெண்கள் தினந்தோறும், எந்தப் பேயும் இல்லாமலே, மேற்கொண்டு வருகிறார்கள் என்பது சிலருக்காவது தோன்றியிருக்கும். அந்தப் பேயை விரட்டுவதற்குக் கடைசியில் கண்ட உபாயமும் புதிதுதான்: அவளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்து, ஊரைக் காக்கும்படி வேண்டிக்கொள்வது.

இன்னொரு விஷயம். 1979-இல் வந்த "ஏலியன்" என்னும் ஆங்கிலப் படத்தின் கதையை எழுதியவர்கள், கப்பலில் இருக்கும் எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ யாரும் நடிக்கலாம் என்று கையெழுத்துப் பிரதியிலேயே குறித்திருந்தார்கள். அதனால்தான் ரிப்ளி என்ற அந்த வேஷம் ஸிகோர்னி வீவர் என்ற நடிகைக்குக் கிடைத்தது. அவள் புத்தியைக் கொண்டு பிழைத்தாள். நன்னடத்தைப் பத்திரம் ஒருவரும் கேட்கவில்லை. நம் கதாசிரியர்களும் இந்தப் பரீட்சையைச் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை. எழுதிய கதையில் ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் ஒரு தடவை மாற்றிப் படித்தால் போதும். எங்கே சிரிப்பு வருகிறதோ அங்கே கதாசிரியர் யோசிக்காமல் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

* * *

இவ்வளவையும் யோசித்து வைத்துக்கொண்டு மறு நாள் காலையில் பேத்தியைக் கூப்பிட்டேன். "நேற்றுக் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போது பேச விட்டால் யாரும் பேயாக வர வேண்டியதில்லை. அந்தக் கதைகளில் ஆண்கள் நினைத்ததையெல்லாம் பேசிவிட்டுச் செத்தார்கள். பெண்களுக்குப் பாக்கி இருந்தது. அதனால்தான் திரும்பி வருகிறார்கள்" என்றேன்.

குழந்தை பள்ளிக்கூடப் பையில் புஸ்தகங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்படியானால் அந்தச் சந்திரமுகி, உயிரோடு இருக்கும்போதே 'நான் வரமாட்டேன், போ' என்று ராஜாவிடம் சொல்லி, எல்லாரும் அதைக் கேட்டிருந்தால்?"

"படம் பத்து நிமிஷத்தில் முடிந்து போயிருக்குமே, அம்மா!"

"போகட்டுமே! அவள் பிழைத்திருப்பாளே" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

800 நாள் ஓடிய படத்தைப் பற்றி நானும் எத்தனையோ பேருடன் பேசியிருக்கிறேன். அவள் பிழைத்திருக்கலாம் என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.